அத்தியாயம் 11: லக்‌ஷிகா வாசித்த கடிதம்

சவிரிமுத்து தன் மகள் லக்‌ஷிகாவிடம் நேரே பேசி எட்டு மாதமாகிவிட்டது. சொல்ல வேண்டியதை மகன் ஜெரோசனிடம் சொல்வார். "உவளைச் சாப்பிடச் சொல்லு" என்பார், அவள் அதே மேசையில் எதிரே இருக்கும்போது. ஜெரோசன் தங்கையைப் பார்ப்பதற்குள் அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போயிருப்பாள்.

வகுப்பில் அவள் கதிரையைத் தூக்கி எறிந்ததும், அது ஆசிரியையின் மேல் படாமல் கண்ணாடிக் கதவை நொறுக்கியதும், பள்ளிக்கூடம் அவளை ஒரேயடியாக நீக்கியதும் இந்தக் கதையைத் தொடர்ந்து வருகிறவர்களுக்குத் தெரியும். அதன் பிறகு உள்ளூர்க் கவுன்சில் அவளை வட லண்டனில், எட்மண்டனில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்த்தது. பள்ளிகள் வேண்டாமென்று விட்ட பிள்ளைகளுக்கான இடம் அது. காலையில் இரண்டு மணித்தியாலம் கணக்கும் ஆங்கிலமும். மிச்ச நேரமெல்லாம் கைவேலை. லக்‌ஷிகா சுவருக்கும் தரைக்கும் டைல்ஸ் பதிக்கப் பழகினாள்.

மாதா கோவிலில் யாராவது விசாரித்தால், மகள் கொலிச்சுக்குப் படிக்கப் போகிறாள் என்று சவிரிமுத்து சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவார். அந்த நிலையத்தின் வாசலை அவர் ஒருநாளும் மிதித்ததில்லை.

ஆகவே மார்ச் மாதத்து அந்த வெள்ளிக்கிழமையும் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு போனவன் ஜெரோசன்தான். அவனுக்கு இருபத்துநாலு வயது. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை. அம்மா மெற்றில்டா புற்றுநோயில் போன இந்த இரண்டரை வருடத்தில் தங்கைக்காகக் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் அவன்தான் போய்வந்தான். திங்கட்கிழமை லக்‌ஷிகா கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் புதிதாகக் கட்டும் வீடுகளில் மூன்று வாரப் பழகுநர் வேலைக்குப் போக வேண்டும், அதற்கு வீட்டார் சம்மதம் வேண்டும் என்று நிலையத்திலிருந்து செய்தி வந்திருந்தது. வேறொரு விஷயமும் பேச வேண்டும் என்று அதன் அடியில் எழுதியிருந்தார்கள்.

லொறிகள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை அது. உள்ளே சீமெந்தும் ஈரமும் மணந்தன. பலகைத் தடுப்புகளால் சின்னச் சின்னக் குளியலறைகள் போல் பிரித்திருந்தார்கள். மூன்றாவது தடுப்பில் லக்‌ஷிகா முழங்காலில் நின்று மூலைக்கு ஒரு துண்டை அளந்து வெட்டிக்கொண்டிருந்தாள். காதில் பென்சில். மட்டப்பலகையை வைத்துப் பார்த்தாள், பதித்த துண்டைப் பெயர்த்தாள், பசையைச் சுரண்டிவிட்டு மறுபடி பதித்தாள். பக்கத்தில் நின்ற பெண்ணொருத்தி எதையோ கேட்க, லக்‌ஷிகா தலையைத் திருப்பாமலே விளக்கம் சொன்னாள்.

வீட்டில் ஒரு தேநீர்க் கோப்பையைக் கூடக் கழுவி வைக்காதவள் என்று அவன் நினைத்திருந்த பெண் இவள். அம்மா இதைப் பார்க்கவில்லையே என்று நினைத்தான்.

அவனை அறைக்குள் அழைத்துக்கொண்டு போனவர் பவளக்கொடி. மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து லண்டனிலேயே தங்கிவிட்டவர், ஐம்பது வயதிருக்கும். இங்கே வரும் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்துப் பார்ப்பது அவருடைய உத்தியோகம். தமிழில் பேசலாமா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார்.

"தம்பி, லக்‌ஷிகாவுக்கு வாசிக்க வராது. உங்க வீட்ல யாருக்காவது இது தெரியுமா?"

ஜெரோசன் சிரித்துவிட்டான். தங்கைக்குப் படிப்பில் அக்கறை இல்லை, அது உண்மை, ஆனால் பதினொரு வருடம் லண்டன் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் என்று சொன்னான். வீட்டில் அவள் எழுதிய கட்டுரைகளுக்கு நல்ல புள்ளிகள் வந்திருக்கின்றன என்றான்.

பவளக்கொடி சிரிக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளை வாசிக்கும் அளவுக்கு மேல் அவளால் வாசிக்க முடியவில்லை என்றார். மூன்று தடவை மூன்று விதமாகச் சோதித்தாயிற்று. எழுத்துகள் அவளுக்கு வரிசையில் நிற்பதில்லை. மூளை வேகமாக இருப்பதால் காதால் கேட்டதையெல்லாம் மனதில் பதித்து, சொற்களின் உருவத்தை வைத்து ஊகித்து, இத்தனை வருடம் சமாளித்திருக்கிறாள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொல்லும் நாட்களில்தான் குழப்படி செய்து வெளியே அனுப்பப்பட்டிருக்கிறாள். பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது அது தெளிவாகத் தெரிந்ததாம். கதிரை எறிந்த அன்றும் ஆசிரியை அவளிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்து, வாசித்து முடிக்கும்வரை உட்காரக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

"வீட்ல எழுதின கட்டுரையெல்லாம் யார் எழுதினாங்க, தம்பி?"

ஜெரோசன் மேசையைப் பார்த்தான்.

அவன்தான் எழுதினான். அவளுக்கு ஏழு வயதிலிருந்து எழுதினான். அம்மா சமையலறையிலிருந்து, தங்கச்சிக்கு ஒருக்கால் உதவி செய் என்பார். உதவி செய்வதைவிட எழுதிக் கொடுப்பது சுலபமாக இருந்தது. லீட்ஸில் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும், அவள் போனில் குரலில் சொல்ல, அவன் தட்டச்சு செய்து அனுப்புவான். சரியான பஞ்சிக்காரி, சோம்பல் பிடித்தவள் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். நல்ல அண்ணன் என்று தன்னைப் பற்றி நினைத்திருக்கிறான்.

பவளக்கொடி அவனைக் குறை சொல்லவில்லை. பல வீடுகளில் இதுதான் நடக்கிறது என்றார். இனிமேலும் கற்றுக்கொள்ள ஏலும், தானே வாரத்தில் மூன்று நாள் அவளுடன் உட்காரப் போவதாகச் சொன்னார். பார்க்கிங் வேலைக்கு முன்னால் எழுத வேண்டிய பாதுகாப்புப் பரீட்சையையும் காதால் கேட்டுச் செய்யலாமாம். எல்லாம் சொல்லிவிட்டு, சம்மதப் பத்திரத்தை அவனிடம் கொடுத்தார். அதைக் கொடுத்த பிறகும் பேச்சை முடிக்காமல் இருந்தார்.

"இன்னொன்னு இருக்கு. தெரியலன்னு சொல்றதுக்கு இப்ப அவ பழகிட்டா, வெக்கப்படறதில்ல. ஆனா மேல முத்திரை போட்ட கடிதம் மாதிரி எதையாவது வச்சா கை நடுங்குது. போன வாரம் பயிற்சிக்கு ஒரு ஆஸ்பத்திரிக் கடிதம் குடுத்தேன். எழுந்து போயி வாந்தி எடுத்துட்டா. எங்கிட்ட சொல்லல. நீங்க கேட்டுப் பாருங்க."

ஜெரோசன் நன்றி சொல்லிவிட்டு எழுந்தான். கதவுப் பிடியைத் தொட்டபோதுதான் அந்த வார்த்தை அவனுக்குள் இறங்கியது. ஆஸ்பத்திரிக் கடிதம்.

அவன் லீட்ஸுக்குப் போகும்வரை வீட்டுக்கு வரும் கடிதங்களை அவன்தான் வாசித்துச் சொல்வான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆங்கிலத்தில் பேசிச் சமாளிக்க வரும், கடிதம் வாசிக்க வராது. அவன் போன பிறகு யார் வாசித்தார்கள் என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை.

இரண்டு மணிக்கு லக்‌ஷிகா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பத்திரம் கிடைத்ததா என்றுதான் முதலில் கேட்டாள். பஸ் எடுக்காமல் கால்வாய்க் கரையால் நடப்போம் என்று அவன் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

"மிஸ் சொல்லிட்டாவோ?"

"ஓம். வாசிப்பைப் பற்றிச் சொன்னவ."

அவள் அவனுக்கு இரண்டடி முன்னால் நடந்தாள். அவன் சண்டை பிடிப்பான் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். அவன் மன்னிப்புக் கேட்டான். அவள் அதை வேண்டாமென்பது போலத் தோளைக் குலுக்கினாள். கால்வாயில் ஒரு படகில் யாரோ உடுப்புக் காயப் போட்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு கரையோரக் கல் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. கடைசியில் நேராகவே கேட்டான்.

"அம்மாவுக்கு வந்த கடிதத்தை ஆர் வாசிச்சது?"

அவள் அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை. நான்கு வருடம் இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவள் போல, நிதானமாக, இடையில் ஆங்கிலமும் தமிழுமாகச் சொன்னாள்.

அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா வேலைக்குப் போகும் அவசரத்தில் சப்பாத்துப் போட்டுக்கொண்டே கடிதத்தை நீட்டினார். அம்மா பக்கத்தில் நின்றார். மார்பில் சின்னக் கட்டி ஒன்று தட்டுப்பட்டு ஆஸ்பத்திரியில் சோதித்திருந்தார்கள், அதற்கு வந்த பதில் அது. கடிதத்தின் மேல் நீல எழுத்து, நடுவில் ஒரு பெட்டி. முந்தின வருடம் அம்மாவுக்கு வந்த கடிதத்திலும் அதே நீல எழுத்து, அதே பெட்டி. அதை அண்ணன் வாசித்துச் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு பிரச்சினையும் இல்லை, அடுத்த வருடம் வந்தால் போதும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

"அதையே சொன்னனான்" என்றாள். "நீங்கள் சொன்ன மாதிரியே சொன்னனான். அம்மா சிரிச்சவ. என்னைக் கொஞ்சினவ."

அந்தக் கடிதத்தில், தாமதிக்காமல் மறு சோதனைக்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தது. பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து போனும் வந்திருக்கிறது. தெரியாத நம்பரை மெற்றில்டா எடுப்பதில்லை. பத்து மாதம் கழித்து வலி தாங்காமல் போனபோது நோய் எலும்புக்குப் போய்விட்டிருந்தது. டொக்டர் அம்மாவிடம், உங்களுக்குக் கடிதம் போட்டோமே என்று கேட்டபோது, லக்‌ஷிகா அந்த அறையில் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். கடிதம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

"அம்மாவுக்கு விளங்கிட்டுது அண்ணா. என்னைப் பார்த்தவ. ஆனால் ஒருநாளும் கேக்கேல்லை."

ஜெரோசன் அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். லீட்ஸிலிருந்து ஞாயிறு தோறும் போன் எடுத்தபோது, எல்லாம் சுகமாம் என்று கடிதம் வந்தது என்று அம்மா சொன்னது அவன் காதில் கேட்டது. நல்லது என்று சொல்லிவிட்டு அவன் பரீட்சையைப் பற்றிப் பேசியிருக்கிறான். கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புங்கோ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நேரத்தோடு போயிருந்தாலும் என்ன நடந்திருக்குமென்று ஒருவருக்கும் தெரியாது என்று அவளிடம் சொன்னான். அவனுக்கே அது போதவில்லை. அவள் தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு அவள் எழுந்து, இன்றைக்கு அப்பாவிடம் சொல்லப் போவதாகச் சொன்னாள். ஜெரோசன் வேண்டாமென்றான். அவர் தாங்கமாட்டார், கொஞ்ச நாள் போகட்டும், நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்று வழி நெடுகக் கெஞ்சினான்.

"நீங்கள் எனக்காண்டி எழுதினது காணும், இனி நானே சொல்லுறன்" என்றாள் அவள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

அவர்கள் வீட்டுக்கு வந்தபோது சவிரிமுத்து சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பாண் சுடும் பேக்கரித் தொழிற்சாலையில் அவருக்குக் காலை ஷிப்ட். மெற்றில்டா போன பிறகு சமையல் அவருடைய பொறுப்பு. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலமாதலால் வெள்ளிக்கிழமைகளில் சமைத்து வைத்துவிட்டுச் சிலுவைப்பாதைச் செபத்துக்குக் கோவிலுக்குப் போவார். ஜெரோசன் பத்திரத்தை மேசையில் வைத்து, அப்பா, பார்க்கிங் வேலைக்கு ஒரு கையெழுத்து வேணும் என்றான். கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்றார்.

"அப்பா" என்றாள் லக்‌ஷிகா.

எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் அவரை அப்படிக் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. தண்ணீர்க் குழாய் மட்டும் நின்றது.

அவருடைய முதுகுக்குத்தான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தனக்கு வாசிக்கத் தெரியாது என்பதை. நீல எழுத்தை, பெட்டியை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டதை. சொல்லி முடித்ததும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஜெரோசன் கதிரையை இழுத்துப் போட்டான், அவள் உட்காரவில்லை.

சவிரிமுத்து துவாயில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

பள்ளிக்கூடம் அவளை நீக்கிய வாரம், கூட்டத்துக்கு அவளுடைய பத்திரங்கள் கேட்டார்கள். அலுமாரியில் தேடும்போது மெற்றில்டாவின் சேலைக்கு அடியில் அந்தக் கடிதம் அகப்பட்டது. கூட வேலை செய்யும் தேவராசாவிடம் கொடுத்து வாசிப்பித்தார். தேவராசா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். அன்றைக்குச் சவிரிமுத்து மெசின் பக்கத்தில் நிற்க முடியாமல் வெளியே போய் உட்கார்ந்துவிட்டாராம். அந்த நாளிலிருந்துதான் மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது. கதிரை எறிந்ததற்காக அவர் பேச்சை நிறுத்தவில்லை.

"நீ வாசிக்காமல் சொன்னனி எண்டு நினைச்சன்" என்றார் அவளிடம், நேரே அவளிடம். "விளையாட்டு அவசரத்திலை பொய் சொல்லிப்போட்டாய் எண்டு. வாசிக்கத் தெரியாமல் சொன்னனி எண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை."

லக்‌ஷிகாவின் பார்வை அவர் முகத்துக்கு உயர்ந்தது.

அவர் நிறுத்தவில்லை. எட்டு மாதமாகக் கட்டி வைத்திருந்தது அவிழ்ந்துவிட்டது போல, தரையைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார். கடிதம் வந்த அன்று பின்னேரம் மெற்றில்டா அவரிடம், அவள் சின்னப் பிள்ளை, கோவிலில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த மேரிசாந்தி அக்காவிடம் இதை ஒருக்கால் காட்டுவோமா என்று கேட்டிருக்கிறார். வீட்டு வருத்தத்தைக் கோவிலில் கொண்டுபோய்ப் பரப்ப வேண்டாம், பிள்ளை வாசித்துச் சொன்னது காணும் என்று தடுத்தவர் அவர்.

"நான்தான் மறிச்சனான். உன்னிலை கோவமா இருக்கேக்குள்ளை அதை நினைக்கத் தேவையில்லாமல் இருந்தது."

ஜெரோசன் அப்பாவின் தோளைப் பிடிப்பதா, தங்கையின் கையைப் பிடிப்பதா என்று தெரியாமல் நடுவில் நின்றான்.

"எட்டு மாசம்" என்றாள் லக்‌ஷிகா. "எட்டு மாசமா உங்களுக்குத் தெரியும். ஒருநாள் என்னைக் கேட்டிருக்கலாம், அப்பா. நான் சொல்லியிருப்பன். கேட்டால் சொல்லலாம் எண்டு ஒவ்வொரு நாளும் மேசையிலை வந்து இருந்தனான்."

சவிரிமுத்து ஒரு அடி முன்னால் வந்தார். அவள் பின்னால் போனாள். கதவருகே கொழுவியில் தொங்கிய ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு, வெம்பிளியில் றஜீனா மாமி வீட்டுக்குப் போகிறேன் என்று அண்ணனிடம் மட்டும் சொன்னாள். திங்கட்கிழமை வேலை என்று ஜெரோசன் தொடங்கினான். போவேனோ தெரியவில்லை என்றாள். கதவு மூடிய சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை.

அவன் சப்பாத்தைத் தேடினான். அப்பா அவன் நெஞ்சில் கையை வைத்து நிறுத்தினார்.

"நீ நில். நான் போறன்."

வீட்டுச் சட்டையோடு, வெறுங்காலில் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் இறங்கினார். ஜெரோசன் முன் ஜன்னலுக்கு ஓடினான். மழை தூறிக்கொண்டிருந்தது. லக்‌ஷிகா தெருமுனை பஸ் தரிப்பில், கைகளைக் கட்டிக்கொண்டு, வீட்டுப் பக்கம் பாராமல் நின்றாள். சவிரிமுத்து நடந்தார்; பிறகு ஓடினார். அப்பா ஓடி அவன் பார்த்ததே இல்லை.

பஸ் வந்து நின்றது. அவள் ஏறி, மேல் தட்டுக்குப் போய், முன் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். கதவு மூடப் போகிற நேரத்தில் அவர் கையைக் காட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். சாரதி மறுபடி கதவைத் திறந்தான்.

ஜெரோசன் பார்த்துக்கொண்டிருக்க, பஸ் புறப்பட்டது. மேலே அவள். கீழே, கம்பியைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல், மீன் வெட்டிய சட்டையோடு அவர். அப்பா அதே பஸ்ஸில் இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது.